பிலோவின் மூன்றாவது பதில்

செய்தி வந்தபோது நான் வைத்திக்குப்பத்துக் கரையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்த செல்வியக்காவுக்குப் போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்டவர் கத்தியைக் கீழே வைத்தார். "உன் கூட வேல செய்யுமே, நம்ம லூர்து பொண்டாட்டி... போயிடுச்சாம்மா," என்றார். "யாரு, பிலோவா?" என்று கேட்டேன். லூர்து அண்ணனின் மனைவி பிலோதான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வேறு யாராவதாக இருக்கக் கூடாதா என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். மீனை அங்கேயே விட்டுவிட்டு, கையில் கவிச்சியோடு அவள் வீட்டை நோக்கி நடந்தேன்.

பிலோமினாவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதிப் பார்த்தபோது யாரோ ஒரு அம்மாவைப் பற்றி எழுதுவது போல இருந்தது. எங்களுக்கு ஒரே வயது, ஒரே மேசை, அடுத்தடுத்த நாற்காலி. என்னிடம் கோபித்துக்கொண்டால், என் டப்பாவிலிருந்து பிரியாணியை எடுத்துத் தின்று முடித்த பிறகுதான் அவளுக்குக் கோபம் இறங்கும். அவளை அவள் என்றே எழுதுகிறேன். பெரியவர்கள் மன்னிக்கவும்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கடைகள், சங்கங்கள், சின்னப் பள்ளிகள், பங்குக் கோயில்கள் ஆகியவை பழைய கணினிகளில் அடைத்து வைத்திருக்கும் விவரங்களை எடுத்துப் புதியதில் ஏற்றிக் கொடுப்பது வேலை. முதலாளியை, பிரெஞ்சு வழக்கப்படி, முசியே என்றுதான் கூப்பிடுவோம். 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லாமல் அவர் காலையில் நாற்காலியில் உட்கார மாட்டார். இந்தத் தொழிலில், வருகிற கோப்பின் பெயரை நம்பினால் தொலைந்தோம். மருமகன் திறந்து பார்க்கக் கூடாது என்று சரக்கு விவரம் முழுவதையும் சினிமாப் பாட்டு மாதிரி பெயர் மாற்றி வைத்திருந்தார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் கொடுத்த கோப்புகளின் பெயர்கள்: 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி'. மூன்றில் எது விவரங்கள் அடங்கிய டேட்டாபேஸ், எது வெறும் கடிதம் என்று அவருக்கே தெரியாது. நாங்கள் முதலில் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வரும் வாலைப் பார்த்துத்தான் வகை சொன்னது. அதைப் பார்த்து பிலோ தலையில் அடித்துக்கொண்டாள். "பேர மட்டும் கேட்டுட்டுப் பொண்ணு குடுப்பியா ரஹ்மத்து? உள்ள போயி குடும்பத்தப் பாக்க மாட்டியா?"

அப்படித்தான் கோப்பின் உள்ளே போய்ப் பார்க்கிற ஸ்கிரிப்டை இருவரும் சேர்ந்து எழுதினோம். கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது கோப்பைத் திறந்து முதல் சில பைட்டுகளைப் படித்துவிட்டு, இது இன்ன வகை டேட்டாபேஸ் என்று ஒரு வரியில் சொல்லும். பைட் என்பது ஓர் எழுத்து உட்காரும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில டேட்டாபேஸ்கள் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், வாசலிலேயே முழுப் பெயரையும் எழுதி வைத்திருக்கும். ஸ்கிரிப்டுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவள் 'யாரு' என்று வைத்துவிட்டாள். "கதவத் தட்டினா நாம என்ன கேப்போம்? யாருன்னுதான?" என்றாள்.

ஜபமாலைக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய டேட்டாபேஸ் வகை ஒன்று தன் அடையாளமாக ஒரே ஒரு பைட்டைத்தான் முன்னால் வைத்திருக்கும். அந்த ஒன்றைப் பார்த்ததுமே 'யாரு' தீர்ப்புச் சொல்லிவிடும். ஒரு பங்குக் கோயிலின் கணினியில் யாரோ புண்ணியவான் பழைய தமிழ் எழுத்துருவில் ஜபமாலை முழுவதையும் தட்டி வைத்திருந்தார். அந்த எழுத்துருவில் முதலெழுத்தான 'ஜ'வுக்குக் கொடுத்திருந்த எண்ணும், டேட்டாபேஸின் அடையாள எண்ணும் அச்சாக ஒன்று. 'யாரு' யோசிக்கவே இல்லை. ஜபமாலை துண்டு துண்டாகி, பங்கு மக்களின் பெயர்ப் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் மாதாவின் பெயர். தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆமென்'. பங்குச் சாமியார் போன் செய்து, "ஏம்மா, மாதாவ எந்தத் தெருக் குடும்பத்துல சேத்திருக்கீங்க?" என்று நிதானமாகக் கேட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. பிலோ மேசைக்கு அடியில் குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரித்து முடித்ததும் வேலையில் இறங்கினாள். "ஒத்த சாட்சிய வெச்சுத் தீர்ப்பு சொல்லக் கூடாது," என்றாள். அடையாள பைட்டுக்கு அடுத்து, கடைசியாகத் திருத்திய தேதி இருக்க வேண்டும். "பதிமூணாவது மாசம்னு ஒண்ணு இருக்குதா? இருந்தா, அது டேட்டாபேஸ் இல்ல, 'போ'ன்னு அனுப்பிடு." தலைப்பு எவ்வளவு நீளம், ஒரு வரிசை எவ்வளவு நீளம், எத்தனை வரிசை என்று அந்தக் கோப்பே சொல்லும். பெருக்கிக் கூட்டினால் கோப்பின் மொத்த அளவு வர வேண்டும். வராவிட்டால் பொய். இப்படி ஒன்றன் பின் ஒன்றாகச் சாட்சிகளைக் கூப்பிட்டாள். அதன்பின் எந்த ஜபமாலையும் எங்களிடம் வழி தவறி வந்து மாட்டிக்கொள்ளவில்லை.

எங்களுக்குள் வந்த பெரிய சண்டை மூன்றாவது பதிலைப் பற்றியது. 'யாரு' அதுவரை இரண்டே பதில்தான் சொல்லும். டேட்டாபேஸ் என்றால் அதன் வகை, இல்லாவிட்டால் 'இல்ல'. ஒரு நாள் உள்ளே ஒன்றுமே இல்லாத காலிக் கோப்பு ஒன்று வந்தது. நான் 'இல்ல' என்று சொல்ல வைத்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வகை டேட்டாபேஸ், அப்போதுதான் தொடங்கியதென்றால் காலியாகத்தான் இருக்கும். "பொறந்த புள்ளைக்கு இன்னும் பேரு வெக்கலன்னா, புள்ளையே இல்லன்னு சொல்லுவியா?" என்றாள். கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்த டேட்டாபேஸ்களும் உண்டு. அவற்றைத் திறந்தால் முதலிலிருந்து கடைசிவரை கலைத்துப் போட்ட எழுத்துகள்தான் கிடைக்கும். அது டேட்டாபேஸா, குப்பையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதற்கெல்லாம் 'தெரியல' என்று மூன்றாவதாக ஒரு பதில் வேண்டும் என்றாள்.

முசியே குதித்தார். "ஏம்மா, எங்கிட்ட வேலையக் குடுக்கறவங்க 'தெரியல'ன்னு கேக்கவா மாடி ஏறி வராங்க? அது அவுங்களுக்கே தெரியாதா?" பிலோ அப்போது சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். "இல்லன்னு சொன்னா தூக்கிப் போட்டுடுவாங்க முசியே. தெரியலன்னு சொன்னா பத்திரமா வெச்சிருப்பாங்க. தூக்கிப் போட்டதுக்கப்புறம் தெரிஞ்சா என்ன பண்றது?" முசியே ஏதோ பிரெஞ்சில் முனகிக்கொண்டே கீழே பேக்கரிக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் மூன்று பேருக்கும் பஃப்ஸ் இருந்தது. அதுதான் அவர் சம்மதிக்கும் விதம்.

ஸ்கிரிப்டில் நாங்கள் எதைத் தொட்டாலும், அது கெட்டுப் போகவில்லையா என்று பார்க்க ஒரு பெட்டி வைத்திருந்தாள். பெட்டி என்றால் சோதனைக் கோப்புகள் நிறைந்த ஒரு ஃபோல்டர். டேட்டாபேஸ் பெயரில் ஒளிந்திருக்கும் படம், படத்தின் பெயரில் ஒளிந்திருக்கும் டேட்டாபேஸ், பாதியில் அறுந்தது, காலியானது, அந்த ஜபமாலை, எல்லாம் அதற்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய பதிலைப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பாள். ஒரே கட்டளையில் 'யாரு' எல்லாவற்றையும் வரிசையாக விசாரிக்கும். பதில் சரியாக வந்தால் பச்சையில் 'பாஸ்', மாறி வந்தால் சிவப்பில் 'தோல்வி'. இதற்கு அவள் வைத்த பெயர் பாவசங்கீர்த்தனம், கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி ஒப்புக்கொள்வார்களே, அது. "பொய் சொன்னவங்கள்லாம் வரிசையா வந்து உண்மையச் சொல்லட்டும்," என்பாள். ஒரு வரி மாற்றிவிட்டு நான் பையைத் தூக்கினால், "பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பிட்டியா?" என்று கேட்பாள். ஒரு முஸ்லிம் பெண் தினமும் பாவசங்கீர்த்தனம் நடத்துகிறாள் என்று வீட்டில் சொன்னால் என் மாமியார் என்ன சொல்வாரோ என்று இருவரும் சிரித்திருக்கிறோம்.

போன மழைக்காலத்தில் தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் நான்தான் கூடப் போனேன். டாக்டர் எங்களைவிடச் சின்னவர். ஸ்கேனை வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது கட்டியா, வெறும் வீக்கமான்னு இப்போதைக்குத் தெரியலம்மா. இன்னொரு டெஸ்ட் எடுத்தாத்தான் சொல்ல முடியும்," என்றார். வெளியே வந்ததும் பிலோவின் முகத்தில் ஒரு திருப்தி. "நல்ல டாக்டர்டி. தெரியலன்னு சொல்றாங்க பாரு," என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இருக்காது பிலோ, நீ வேணா பாரு," என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "முதல் பைட்டப் பாத்துட்டுச் சொல்லாத ரஹ்மத்து."

அடுத்த டெஸ்டில் தெரிந்துவிட்டது. எல்லாச் சாட்சிகளும் ஒரே பதிலைச் சொல்லின. அந்த மாதங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுத முடியவில்லை.

கடைசியில் கழுத்தில் குழாய் வைத்துவிட்டார்கள். பேச்சு போனது. ஒரு நிமிஷம் வாயை மூட மாட்டாளே, அந்தப் பிலோவுக்குப் பேச்சு போனது. அவளுடைய போன் வீட்டில் மகள் ஸ்டெல்லாவிடம் இருந்தது. அதனால் வார்டில் லூர்து அண்ணனின் போனை வாங்கி, அதில் குறிப்பு எழுதும் ஆப் ஒன்றில் தட்டித் தட்டிக் காட்டுவாள். அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். நான் போன அன்று என்னிடமும் போனை நீட்டினாள். "பாவசங்கீர்த்தனம் பாஸா?" என்று இருந்தது. "எல்லாம் பாஸ்," என்றேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அடக்கத்தன்று கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். கல்லறையில் லூர்து அண்ணன் குடைக்குள் வராமலே நின்றார். சட்டைப் பையில் இருந்த போன் நனைந்து செத்துப் போனது. சில வாரங்கள் கழித்து ஒரு பென் டிரைவோடு அலுவலகத்துக்கு வந்தார். பிலோவின் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனை இனி எழுப்ப முடியாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டாராம். அதிலிருந்த மெமரி கார்டும் கெட்டிருந்தது. அதில் மிச்சம் இருந்தவற்றை மட்டும் வழித்து இதில் போட்டுக் கொடுத்திருக்கிறார். பெயர்கள் எல்லாம் அழிந்து, வெறும் எண்கள்.

"அவ எழுதினது இதுல எங்கனா இருக்குதான்னு பாக்கணும்மா," என்றார். "நான் படிச்சதுதான். ஆனா மறந்துட்டே வருது. நேத்து நெனப்புல இருந்தது இன்னிக்கு இல்ல. ஸ்டெல்லா தெனம் கேக்குது, அம்மா வேற என்னப்பா எழுதுச்சுன்னு. நான் திரும்பத் திரும்ப அதே ரெண்டு மூணத்தான் சொல்றேன்." பிறகு, "உங்களப் பத்திக்கூட ஒண்ணு எழுதினா. படிச்சிட்டு வார்டுன்னுகூடப் பாக்காம சிரிச்சிட்டேன். என்னன்னு..." என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். வரவில்லை. "விடுங்கண்ணே," என்றேன். என்னால்தான் விட முடியவில்லை, இன்றுவரை.

பென் டிரைவைச் செருகி, அதில் இருந்த அத்தனையையும் 'யாரு'விடம் கொடுத்தேன். பெயர் இல்லாத கோப்புகளைக் கண்டுபிடிக்கத்தானே அவள் அதை உருவாக்கினாள். வரிகள் ஓடின. இல்ல. இல்ல. இல்ல. பாட்டுகள், படங்கள், ஜெப வீடியோக்கள். நடுவில் ஒன்றிரண்டு டேட்டாபேஸ் அகப்பட்டன. ஆசையோடு திறந்தால், ஒன்றில் போன் எண்கள், இன்னொன்றில் ஏதோ விளையாட்டின் மதிப்பெண்கள். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய கடைசியில் ஒரு கோப்பில் மட்டும் பதில் மாறியது. 'தெரியல.'

அதைத் திறந்து பார்த்தேன். முழுக்கக் கலைந்த எழுத்துகள், தலையும் இல்லை வாலும் இல்லை. ஆனால் அளவு மட்டும், டேட்டாபேஸ்கள் ஒரே அளவுள்ள பக்கம் பக்கமாக வளருமே, அந்தப் பக்க அளவால் மிச்சமில்லாமல் வகுபட்டது. விசாரித்ததில், பிலோ குறிப்பு எழுதிய அந்த ஆப் தன் கோப்பைத் தானே பூட்டி, ஒரு நகலைக் கார்டில் போட்டு வைக்கும் வகை என்று தெரிந்தது. சாவி போனுக்குள் இருக்கும். போன் செத்துவிட்டது. இது அவள் எழுதியதாக இருக்கலாம். பூட்டிய வேறு எதுவாகவும் இருக்கலாம். வெறும் குப்பையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். திறக்க வழியில்லை என்றார்கள்.

அண்ணனிடம் என்ன சொல்வது என்று முசியேவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லன்னு சொல்லிடு ரஹ்மத். அந்த மனுஷன் ஒரு வழியா அழுது முடிச்சிட்டு எழுந்து நடக்கட்டும். தெரியலன்னு சொன்னா ஆயுசுக்கும் அதப் புடிச்சிக்கிட்டே உக்காந்திருப்பாரு. பாவம் இல்லையா?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஒரு வார்த்தைதானே, எல்லோருக்கும் லேசாகிவிடும். அன்று சாயந்திரம் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டுதான் வைத்திக்குப்பத்துக்குப் போனேன்.

ஸ்டெல்லாதான் கதவைத் திறந்தாள். சாயல் அப்படியே அம்மா. பரீட்சைக்குப் படிக்கிற பெண், புத்தகத்தை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "ஆன்ட்டி, அம்மா எழுதினது இருக்குதா, இல்லையா?"

"தெரியல கண்ணு," என்றேன்.

வாயில் வைத்துக்கொண்டு போன 'இல்ல' எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. பிறகு இருவருக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு கோப்பு இருக்கிறது. பூட்டியிருக்கிறது. அதற்குள் அம்மா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இன்றைக்கு அதைத் திறக்க யாராலும் முடியாது, நாளைக்கு முடியுமா என்றும் சொல்ல முடியாது. ஸ்டெல்லா அழுதாள். நானும் அழுதேன். லூர்து அண்ணன் அழவில்லை. பென் டிரைவைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முசியேவோடு நடந்த அந்தப் பழைய சண்டை அவருக்குத் தெரியாது. பிலோ சொல்லியிருக்கவும் மாட்டாள். ஆனால் அவர் கேட்டது இதுதான்:

"அப்ப தூக்கிப் போட வேணாம்லம்மா?"

"வேணாம்ண்ணே," என்றேன்.

அவர் அதை மாதா சுரூபத்தின் காலடியில், அவள் ஜபமாலைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்மா. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்," என்றார். மறுநாள் அந்தக் கோப்பின் நகலை நான் பிலோவின் பெட்டியில் போட்டேன், காலிக் கோப்புக்கும் பழைய ஜபமாலைக்கும் பக்கத்தில். வர வேண்டிய பதில் என்ற இடத்தில் 'தெரியல' என்று எழுதினேன்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பெட்டிதான். அவளுடைய நாற்காலிக்கு இன்னும் யாரும் வரவில்லை. பிரியாணி டப்பாவை நானே காலி செய்கிறேன். ஸ்கிரிப்டில் ஏதாவது ஒரு வரியை மாற்றினால், பையைத் தூக்கும் முன் பாவசங்கீர்த்தனம் நடத்திவிட்டுத்தான் கிளம்புகிறேன். எல்லாம் பச்சையாக வருகிறது. அந்தக் கோப்பின் முறையும் வருகிறது. 'தெரியல.' பாஸ். மற்றவை தேறினால் நிம்மதியாக இருக்கிறது, இந்த ஒன்று தேறும்போது மட்டும் இல்லை. புதிதாக ஏதாவது பூட்டு திறக்கும் வழி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால், அதை 'யாரு'வுக்குள் எழுதிச் சேர்த்து, மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். 'தெரியல' வேறு பதிலாக மாறி, அந்தச் சோதனை ஒரு நாள் தோற்க வேண்டும். திரையில் அந்த ஒரே ஒரு வரி சிவப்பாக வர வேண்டும். வந்தால், இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வைத்திக்குப்பத்துக்கு ஓடுவேன்.